நட்டத்தில் பங்கு இல்லாத கூட்டாளி

பேராவூரணி வட்டாரத்தில் தொழிலுக்குப் பணம் என்றதும் என் தலைமுறைக்கு நினைவில் எழுவது மொய் விருந்துதான். வங்கி அதற்கப்புறம்தான். ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணியிலும், பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கங்களிலும் விருந்து அறிவிப்புகள் முளைக்கும். செலவைக் குறைக்கப் பத்துப் பேர், இருபது பேர் என்று சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைப்பார்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியாக ஆள் உட்கார்ந்து மொய் எழுதுவார். அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள் உண்டு, தென்னந்தோப்பு வாங்கியவர்கள் உண்டு, பிள்ளையைச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ அனுப்பியவர்கள் உண்டு, கடைத்தெருவில் கடை பிடித்தவர்களும் உண்டு. வட்டி கிடையாது. ஆனால் போட்டவர் வீட்டு விருந்து வரும்போது வாங்கியதைத் திருப்பி, மேற்கொண்டும் கொஞ்சம் சேர்த்துச் செய்தாக வேண்டும். செய்யத் தவறியவர் பேர் கெடும். இந்த ஏற்பாட்டில் பாரமும் உண்டு. மொய் செய்வதற்காகவே நகையை அடகு வைத்த குடும்பங்களையும் இந்த ஊர் அறியும். இருந்தாலும் அதன் ஒரு குணத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பணம் போடுகிறவர் ஆளைப் பார்த்துப் போடுகிறார். அந்த ஆள் நொடித்துப்போனால் போட்டவருக்கும் நட்டம். அதனால்தான் அவர் பார்க்கிறார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இந்தக் கணக்கையெல்லாம் குலைத்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். தோப்பு வருமானத்தை நம்பி மொய் செய்தவர்களின் கை கட்டுண்டது. அடுத்த வருட விருந்துகளில் வசூல் சுருங்கியது. அதற்கடுத்து கொரோனா வந்து விருந்துகளையே நிறுத்தியது. இந்த இடைவெளியில்தான் படித்த பிள்ளைகள் பலர் அரசுக் கடன் திட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். அதே ஆண்டுகளில்தான் டெல்டாவின் சிறு நகரங்களிலும் பொரித்த கோழி, பர்கர், ஷவர்மா, மோமோ என்று ஒரே மாதிரிப் பெயர்ப்பலகையும் ஒரே மாதிரி விளக்கும் கொண்ட கடைகள் வரத் தொடங்கின. ‘பிரான்சைஸ் எடுத்திருக்கிறான்’ என்பது பெருமையாகச் சொல்லப்படும் செய்தியானது. பெருமைக்குக் காரணம் இருந்தது. இந்த மண்ணில் பிறந்த ஒரு பையனோ பெண்ணோ வெளிநாடு போகாமல், தன் ஊரிலேயே, தன் பெயரில் வங்கிக் கடன் பெற்று முதலாளி ஆவதை நான் இன்றும் நல்ல மாற்றமாகவே பார்க்கிறேன். என் கவலை அந்தக் கடன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது.

திட்டங்கள் பல. 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கிய முத்ரா, தமிழ்நாடு அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான ‘நீட்ஸ்’, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டம். பெரும்பாலானவற்றுக்கு மாவட்டத் தொழில் மையம்தான் வாசல். எல்லாவற்றையும் விளக்க இடமில்லை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேவைத் தொழிலுக்கான திட்டச் செலவின் உச்சவரம்பு முதலில் 10 லட்சம். 2022-இல் 20 லட்சமானது. அதுவரை இறைச்சி உணவு பரிமாறும் தொழில் அதன் விலக்குப் பட்டியலில் இருந்தது. அசைவ உணவகங்களுக்குக் கதவு திறந்ததும் அந்தத் திருத்தத்தில்தான். கிராமப்புறத்தில் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் ஒருவர் 20 லட்சத்துக்குக் கோழிக்கடை திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து போட வேண்டியது 5 விழுக்காடு, அதாவது 1 லட்சம். மிச்சம் 19 லட்சம் வங்கிக் கடன். மானியம் 35 விழுக்காடு, 7 லட்சம். கேட்கவே தெம்பாக இருக்கிறது. ஆனால் அந்த 7 லட்சம் அவர் கைக்கு வருவதில்லை. வங்கியில் வைப்புத்தொகையாக 3 ஆண்டு பூட்டி வைக்கப்படுகிறது. அந்த அளவு கடனுக்கு வட்டி கிடையாது. 3 ஆண்டு முடிந்து, கடை நடப்பதை நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் கடனில் கழிக்கப்படும். இடையில் கடை மூடினால் மானியம் திரும்பிப் போகும் நிலை வரும், முழுக் கடனும் தலையில் நிற்கும்.

அடுத்து உத்தரவாதம். ‘கவர்மெண்ட் கேரண்டி இருக்கு’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. மத்திய அரசும் சிட்பி வங்கியும் சேர்ந்து 2000-இல் அமைத்த கடன் உத்தரவாத அறக்கட்டளை, சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்கப்படும் சிறுதொழில் கடனுக்குப் பொறுப்பேற்கிறது. உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 5 கோடியாகவும் 2025 ஏப்ரலில் 10 கோடியாகவும் உயர்ந்தது. இது பெரிய காரியம். பத்திரம் வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது இல்லாவிட்டால் வங்கியின் கதவு திறக்காது. ஆனால் அது காப்பது வங்கியை. கடன் வாராக்கடனானால் அறக்கட்டளை வங்கிக்குப் பணம் தருகிறது. வாங்கியவரின் கடன் அதனால் தீர்ந்துவிடுவதில்லை. வசூல் தொடரும், வசூலானதில் அறக்கட்டளைக்கும் பங்கு போகும், சிபில் பதிவில் கறை நிற்கும். உத்தரவாதத்துக்கான ஆண்டுக் கட்டணமும் பெரும்பாலும் கடன்காரர் கணக்கிலேயே ஏறுகிறது. தன்னை யாரோ தாங்குகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கு இதைத் தமிழில், எழுத்தில், கையெழுத்துக்கு முன்பே சொல்ல வேண்டியது வங்கியின் கடமை.

ஆக, கடை சாய்ந்தால் நட்டப்படுகிறவர்கள் மூவர்: கடன் வாங்கியவர், உத்தரவாதத்துக்கு வெளியே நிற்கும் பங்குக்கு வங்கி, மீதிக்கு அரசு. நான்காவதாக ஒருவர் இருக்கிறார். கடையின் பெயர், சமையல் முறை, மசாலா, அடுப்பு எந்தக் கம்பெனியில் வாங்க வேண்டும், சுவருக்கு என்ன நிறம், பொட்டலம் என்ன விலை என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர் அவர்தான். முதல் நாளே முதல் பணத்தை வாங்கிக்கொள்கிறவரும் அவர்தான். பிராண்டின் சொந்தக்காரரான அவருக்கு மட்டும் நட்டத்தில் பங்கு இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: பொதுப் பணம் பின்னால் நிற்கும் கடனில், எல்லாவற்றையும் தீர்மானிக்கிறவர் நட்டத்துக்கு மட்டும் வெளியே நிற்க அனுமதிக்கக் கூடாது.

அந்தப் பெண்ணின் கடைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு நான் வைப்பவை. அவரவர் ஒப்பந்தத்தின் எண்களை இட்டு யாரும் போட்டுப் பார்க்கலாம். பிராண்டுக்கு நுழைவுக் கட்டணம் 5 லட்சம். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, 90,000 ரூபாய். உணவகங்கள் 2017 நவம்பர் முதல் 5 விழுக்காடு வரி கட்டுகின்றன. அதற்கு ஈடாக உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை அவற்றுக்கு இல்லை. எனவே அந்த 90,000 திரும்பி வராத பணம். அவர் சொந்தமாகப் போட்ட 1 லட்சத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மானியத்தைக் கழித்து 12 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டில் அடைக்க, மாதம் சுமார் 26,000 ரூபாய் தவணை. நாளுக்கு 8,000 ரூபாய் விற்றால் மாதம் 2,40,000. ராயல்டி 6 விழுக்காடும் அதன்மேல் வரியும் சேர்ந்து ஏறக்குறைய 17,000. கோழி, மாவு, மசாலா, பொட்டலம் எல்லாம் விற்பனையில் 45 விழுக்காடு என்றால் 1,08,000. கடை வாடகை, மூன்று நான்கு பேர் சம்பளம், மின்சாரம், கேஸ் எல்லாவற்றுக்குமாக 89,000 மிஞ்சும். ஓட்டலாம். விற்பனை 5,000 ரூபாய்க்கு இறங்கினால் மிஞ்சுவது 46,000-க்கும் குறைவு. அதில் வாடகையும் சம்பளமும் கொடுத்தால் அவருக்கு ஒன்றுமில்லை. அந்த மாதமும் பிராண்டுக்கு 9,000 ரூபாய் போகும். ராயல்டி விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. எனவே பிராண்டின் வருமானம் குறையலாம், ஆனால் கைப்பணத்தைத் தின்னும் நட்டமாக ஒருபோதும் மாறாது.

விற்பனை 8,000-லிருந்து 5,000-க்கு இறங்குமா என்று கேட்பவர்கள் இந்த ஊரின் வருடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடை இது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் இங்கே வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பது வேறு கதை. பல வருடங்களில் ஒரு போக சம்பாதான் நிச்சயம். தேங்காய் வெட்டுக்கு வெட்டு பணம் வரும், விலை படுத்தால் வராது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் போகும். கோயில் திருவிழாவிலும் பொங்கலிலும் கடைத்தெரு நிறையும். ஐப்பசி அடைமழையில் சாயங்காலமே வெறிச்சோடும். ஆடி, ஆவணியில் ஊரே பந்தலில் கறிச்சோறு சாப்பிடும்போது பொரித்த கோழிக்கு யார் வருவார்கள்? பிராண்டு கொடுக்கும் திட்ட அறிக்கையோ பெரும்பாலும் பெருநகரத்துக் கடையின் நாள் விற்பனையை 30-ஆல் பெருக்கி, 12-ஆல் பெருக்கி எழுதப்பட்டது. மழையும் அறுவடையும் அதில் கிடையாது. உறைகுளிரில் வரும் சரக்கை நம்பிய கடைக்கு மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதும் அதில் கிடையாது. கஜாவுக்குப் பிறகு பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அரசாணை ஒன்றே உணவுப் பட்டியலை மாற்றிவிடும் என்பதும் அந்த அறிக்கையில் கிடையாது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாடு ஒரு வருடத் தடை விதித்தது. மக்கள் உடல்நலத்துக்காக எடுத்த அந்த முடிவு சரி. ஆனால் ஏற்கெனவே வாங்கி அடுக்கிய சரக்கின் நட்டம் யாருடையது என்பதை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது காலக்கணக்கு. மானியம் கைகூட 3 ஆண்டு கடை நடக்க வேண்டும் என்கிறது அரசு. ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையோ பிராண்டிடம் இருக்கிறது: ராயல்டி பாக்கி, வேறிடத்தில் சரக்கு வாங்கியது, தரச் சோதனையில் குறை என்று காரணம் காட்டி மாதக்கணக்கில் முன்னறிவிப்புக் கொடுத்துப் பெயர்ப்பலகையை இறக்கச் சொல்லலாம். அப்படியானால் 7 லட்சம் பொதுப் பணம் பயன்படுமா வீணாகுமா என்பதை முடிவு செய்வது அரசோடு எந்த ஒப்பந்தமும் செய்யாத ஒரு தனியார் நிறுவனம். அந்த நிறுவனத்தின் பெயர்கூடச் சில கோப்புகளில் விலைப்பட்டியலின் தலைப்பாக மட்டுமே இருக்கும்.

தொழில் தெரியாத பிள்ளைக்கு பிராண்டு தொழில் கற்றுக்கொடுக்கிறதே, அதற்கு விலை இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. எண்ணெயை எத்தனை முறைக்குப் பின் கொட்ட வேண்டும், இருப்பை எப்படி எழுத வேண்டும், சமையலறையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பவை வீட்டில் கற்றுக்கொள்ள முடியாதவை. நல்ல பிராண்டு இதையெல்லாம் தருகிறது. அதற்குக் கட்டணம் வாங்குவது நியாயம். நான் மறுப்பது, அந்தக் கல்வி பலித்ததா என்று தெரிவதற்கு முன்பே முழுக் கட்டணமும் கைமாறிவிடுவதை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகப் புகழ் பெற்ற பெயர்கள் நம் பிள்ளைகளுக்கு விற்பனைக்கே இல்லை. இந்தியாவில் டோமினோஸை நடத்தும் உரிமை ஜூபிலன்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. கேஎஃப்சி கடைகளை தேவயானி, சஃபையர் போன்ற பெரிய நிறுவனங்கள் நடத்துகின்றன. தெற்கிலும் மேற்கிலும் மெக்டொனால்ட்ஸை வெஸ்ட்லைஃப் நடத்துகிறது. அந்தப் பெயர்களைச் சொல்லி இணையத்தில் ‘டீலர்ஷிப்’ தருவதாக வருபவை மோசடி என்று நிறுவனங்களும் காவல்துறையும் பலமுறை எச்சரித்திருக்கின்றன. பேராவூரணிக்கு வந்து சேர்வது சில ஆண்டு வயதே ஆன புதுப் பெயர்கள். அவற்றில் திறமையானவை உண்டு, உண்மையானவை உண்டு. எது எது என்று பிரித்தறியும் வழிதான் விண்ணப்பதாரருக்கு இல்லை.

வழி இல்லாததற்குக் காரணம் சட்டம். பிரான்சைஸ் முறைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டமும்தான் துணை. நம் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் போய்வரும் மலேசியாவில் 1998 முதல் பிரான்சைஸ் சட்டம் இருக்கிறது. அரசுப் பதிவாளரிடம் பதியாமல் அங்கே யாரும் பிரான்சைஸ் விற்க முடியாது. சீனாவில் 2007 முதல் உள்ள விதி இன்னும் எளியது: பிரான்சைஸ் விற்க விரும்புகிறவர் முதலில் தன் சொந்தக் கடைகள் இரண்டையாவது ஒரு வருடத்துக்கு மேல் தானே நடத்திக் காட்டியிருக்க வேண்டும். தன் பணத்தில் ஓடாத கடையை அடுத்தவர் பணத்தில் ஓட்டிப் பார்க்காதே என்பதுதான் அதன் பொருள். அமெரிக்காவில், பணம் வாங்குவதற்கு 14 நாள் முன்பே ஒரு வெளிப்படுத்தல் ஆவணம் கொடுக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டில் எத்தனை கிளை திறந்தது, எத்தனை மூடியது, நிறுவனத்தின் மேல் என்ன வழக்கு, விலகிப்போனவர்களைத் தொடர்புகொள்வது எப்படி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவு சட்டம் இருந்தும் அமெரிக்காவில் ஏமாற்று நின்றுவிட்டதா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நிற்கவில்லை. பர்கரிம் என்ற பர்கர் நிறுவனத்தின் மேல் 2022 பிப்ரவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையத்தின் சார்பில் வழக்குப் போடப்பட்டது. ஆளுக்கு 50,000 முதல் 70,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கிளை உரிமை விற்றார்கள், அவர்களில் பெரும்பாலோர் கடையைத் திறக்கவே முடியவில்லை, சொல்ல வேண்டிய தகவல்களை மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஓய்வுபெற்ற ராணுவத்தினரையும் குறிவைத்தார்கள் என்றது ஆணையம். அங்கேயும் சிறுதொழில் நிர்வாகம் வங்கிக் கடனுக்கு 75 முதல் 85 விழுக்காடு வரை உத்தரவாதம் தருகிறது. அங்கேயும் அது வங்கிக்கான உத்தரவாதம். ஆனாலும் வெளிப்படுத்தல் விதி இருந்ததால், மறைத்தது குற்றமாயிற்று. அரசு வாதியாக வந்து நின்றது. இங்கே அதே காரியம் நடந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சிவில் நீதிமன்றம் ஏற வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தொலைதூர நகரத்தில், பெரும்பாலும் நடுவர் முன்பாக. பட்டுக்கோட்டை நீதிமன்றத்தைத் தாண்டிப் போய் வழக்காட, கடன் தவணைக்குத் தவிக்கிறவருக்கு ஏது பணம்?

சொந்தப் பெயரில் வைக்கும் கடைகளும்தான் மூடுகின்றன என்பது மற்றொரு வாதம். உண்மை, பரோட்டாக் கடைகளும் பிரியாணிக் கடைகளும் வந்து போவதைக் கடைத்தெருவில் பார்க்கிறோம். ஆனால் சொந்தக் கடைக்காரர் விற்காத பண்டத்தை மறுநாளே நிறுத்தலாம். மீன் மல்லிப்பட்டினத்திலிருந்தும் தேங்காய் பக்கத்துத் தோப்பிலிருந்தும் வாங்கலாம். மழைக்காலத்தில் ஆளைக் குறைத்துச் சூப்பும் டீயும் போடலாம். பிரான்சைஸ் எடுத்தவருக்கு அந்த நெளிவு கிடையாது. ஒப்பந்தக் காலத்தில் வேறு பெயரில் அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று குஜராத் பாட்லிங் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடை மூடினால் அந்த நிறத்துச் சுவரும் அந்தப் பெயர் அச்சிட்ட தட்டும் எதற்கும் உதவாது. தெரிந்தே கையெழுத்துப் போட்ட வயது வந்தவர்தானே பொறுப்பு என்பவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான்: சொந்தப் பணமாக இருந்தால் அது அவர் பாடு. மானியமும் உத்தரவாதமும் நம் எல்லோருடைய பணம். கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

பிராண்டுகள் சிறு நகரங்களை விட்டே ஓடிவிடும் என்ற அச்சத்தை நான் லேசாகத் தள்ளவில்லை. பேராவூரணிப் பிள்ளைகளுக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது கிடைக்க வேண்டும். ஆனால் நான் கேட்பது கட்டணத்தை ஒழிப்பதை அல்ல, அதன் காலத்தை மாற்றுவதை. நுழைவுக் கட்டணத்தில் பாதியைக் கடை திறக்கும்போது கொடுக்கட்டும். மீதிப் பாதி வங்கியிலேயே பூட்டிக் கிடக்கட்டும், மானியம் கிடப்பதைப் போலவே. 18 மாதம் கடை நின்றால் பிராண்டுக்கு வட்டியோடு போகட்டும். அதற்குள் மூடினால் கடன் கணக்கில் வரவாகட்டும். தன் கடை ஓடும் என்று நம்புகிறவருக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. இதற்கு மறுத்து ஊரைவிட்டுப் போகிற பிராண்டு, கோழியைவிடக் கட்டணத்தை விற்றுத்தான் பிழைத்தது என்று நான் முடிவு செய்வேன். அதோடு, 3 ஆண்டு மானியக் காலம் முடியும்வரை ஒப்பந்தத்தை முறிப்பதானால் வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் 90 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்ற ஒரு வரி கடன் நிபந்தனையில் சேர வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாநில அளவிலான வங்கியாளர் குழுவை நடத்துவதும், தஞ்சாவூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கியாக இருப்பதும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிதான். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு பக்கப் படிவம் ஒன்றை முன்வைக்கலாம். பிராண்டு தானே நடத்தும் கடைகள் எத்தனை, எவ்வளவு காலமாக. கடந்த மூன்று ஆண்டில் திறந்த கிளைகள் எத்தனை, மூடியவை எத்தனை. 50,000 பேருக்குக் குறைவான ஊர்களில் நடக்கும் கிளைகளின் மாத விற்பனை, மாதம் மாதமாக, ஐப்பசி கார்த்திகை உட்பட. கடை மூடினால் இயந்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுமா, என்ன விலைக்கு. பிராண்டின் பொறுப்பாளர் தமிழில் நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் கோப்பு நகரும் என்று கிளை மேலாளர் சொல்லட்டும். வெறும் இடமாக விடப்பட்ட கட்டம் எது என்பதை விண்ணப்பதாரரும் அதே மேசையில் உட்கார்ந்து பார்க்கட்டும், கையெழுத்துக்கு முன்பாக.